விட்டுப்போன சமையக்கட்டு வேலையை மறுபடி பிடிக்கிறது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்யாணம், பிரசவம், ஆபரேஷன், வீட்டில் ஒரு பெரிய காரியம், மே மாத லீவுக்குப் பிள்ளைகளோடு ஊருக்குப் போனது என்று ஏதோ ஒன்றில் வீட்டு வேலையின் ஓட்டம் நின்றுபோகும். அதைத் திரும்பத் தொடங்குபவர்களுக்கான பக்கம் இது. கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், கரூர் பக்கத்து வீடுகளின் தண்ணீர், தானியம், சீர்ப் பாத்திரம் ஆகியவற்றை மனதில் வைத்து எழுதப்பட்டது.

ஏனுங்க, வீடே தலைகீழாக் கிடக்குது. எதிலிருந்து ஆரம்பிக்கிறது?

சிங்க்கிலிருந்து. முதல் ஒரு வாரத்துக்கு ஒரே ஒரு வேலையைத்தான் பிடிக்க வேண்டும்: இரவு படுக்கும் முன் சிங்க் காலியாக இருக்க வேண்டும், அடுப்பு மேடை துடைத்திருக்க வேண்டும், காலையில் வேண்டிய போசி, குக்கர், டிபன் பாக்ஸ் கழுவி எடுத்து வைத்திருக்க வேண்டும். நாலு பேர் வீட்டில் இதற்கு அரை மணி நேரம் போதும்.

இரவில் ஏன்? காய்ந்து ஒட்டிய பருப்பையும் சாதத்தையும் காலையில் சுரண்ட இரண்டு மடங்கு நேரம் பிடிக்கும். காலை எட்டரைக்குக் கம்பெனிக்குப் போகிற வீட்டில் அந்த நேரம் கிடையாது. கரப்பான் மேய்வதும் இரவில்தான். எச்சில் வட்டலும் ஈரமும் இல்லாவிட்டால் பாதித் தொல்லை தானே குறையும்.

இரண்டாவது வாரம் மாவாட்டும் நாளையும் சாமான் வாங்கும் நாளையும் முடிவு செய்யுங்கள். மூன்றாவது வாரம்தான் அலமாரியைத் தொட வேண்டும். பெரும்பாலானவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். முதல் நாளே அட்டாலியை (பரணை) இறக்கித் தரை முழுக்கப் பரப்புவார்கள். மத்தியானம் சமைக்க இடமிருக்காது, கடையில் பார்சல் வாங்குவார்கள், சாயங்காலம் இடுப்பு விட்டுப்போகும், எல்லாம் இருந்த இடத்துக்கே திரும்பப் போகும்.

ஒரு மாசம் பூட்டிக் கிடந்த வீடு. கதவைத் திறந்ததும் என்ன பார்க்கணும்?

லைட் சுவிட்சைத் தொடாதீர்கள். முதலில் கதவு, ஜன்னல், பொடக்காலி (கொல்லைப்புறம்) கதவு எல்லாவற்றையும் திறந்துவிட்டு மோந்து பாருங்கள். சமையல் காஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்திருந்தால் தரையோரமாகத் தேங்கி நிற்கும். வாசனை வந்தால் சுவிட்ச், எக்ஸாஸ்ட் ஃபேன், தீப்பெட்டி எதுவும் வேண்டாம். ரெகுலேட்டரை மூடிவிட்டு வெளியே வந்து 1906 என்ற எண்ணுக்கு அழையுங்கள்.

வாசனை இல்லையென்றால் அடுப்பு டியூபைப் பாருங்கள். ஆரஞ்சு நிற டியூபின் மேலேயே தேதி அச்சடித்திருக்கும். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், எலி கடித்திருந்தால் அன்றே மாற்ற வேண்டும். இரண்டு முனையிலும் சோப்பு நுரையைத் தடவி ரெகுலேட்டரைத் திறங்கள். நுரை குமிழ் விட்டால் கசிவு.

ஆர்.ஓ. மெஷினில் தேங்கிய தண்ணீரைக் குடிக்கக் கூடாது. தொட்டி நிறைய விட்டு, முழுக்கத் திறந்து, இதை இரண்டு முறை செய்த பிறகே பயன்படுத்துங்கள். பல மாதம் கிடந்ததென்றால் ஃபில்டர்களையே மாற்றிவிடுவது நல்லது. குக்கர் கேஸ்கட் வெறுமனே கிடந்தாலும் இறுகிப்போகும். விரலால் மடித்துப் பாருங்கள், வெடிப்புத் தெரிந்தால் ஊற வைத்துப் பயனில்லை, புதிது போடுங்கள். வெயிட் உட்காரும் துளையில் ஊசி விட்டுப் பார்த்துவிட்டு அடுப்பில் ஏற்றுங்கள்.

மூடி வைத்த ஃபிரிட்ஜில் கெட்ட வாடை போகவே மாட்டேங்குதுங்க.

தட்டுகளை மட்டும் கழுவினால் போகாது. வாடை மூன்று இடத்தில் தங்கும்: கதவு ரப்பரின் மடிப்பு, உள்ளே பின்சுவரில் தண்ணீர் வடியும் சிறு துளை, வெளியே பின்னால் கம்ப்ரஸருக்கு மேலிருக்கும் தட்டு. அந்தத் தட்டைப் பலரும் பார்ப்பதே இல்லை. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி சமையல் சோடா கலந்து மூன்று இடத்தையும் துடைத்து, கதவைத் திறந்தே ஒரு பகல் காய விடுங்கள். பிறகு ஓடவிட்டு, நன்றாகக் குளிர்ந்த பின் சாமான் வையுங்கள். அடுத்த முறை ஃபிரிட்ஜை நிறுத்திவிட்டு ஊருக்குப் போனால், கதவிடுக்கில் ஒரு துணியை மடித்து வைத்துவிட்டுப் போங்கள்.

எங்க ஏரியாவில் நல்ல தண்ணி வாரத்துக்கு ஒருக்காத்தான் வருது. டிரம்மும் குடமுமே பாதி இடத்தை அடைச்சுக்குது. குறைக்க முடியுங்களா?

முடியும், கணக்குப் போட்டால். குடிக்கவும் சமைக்கவும் மட்டும் நாலு பேருக்கு ஒரு நாளைக்கு 20 முதல் 25 லிட்டர் போதும். ஏழு நாளைக்கு 175 லிட்டர். அடியில் குழாய் வைத்த 200 லிட்டர் டிரம் ஒன்று இருந்தால் வாரம் ஓடிவிடும். அவசரத்துக்கு இரண்டு குடம் சமையக்கட்டில் இருக்கட்டும். மீதிக் குடங்கள் பொடக்காலிக்குப் போகலாம். டிரம்மை எங்கே வைப்பதென்று முன்பே முடிவு செய்யுங்கள், நிறைந்த பிறகு அது 200 கிலோ.

டிரம்மைக் காலி செய்யும்போது உள்சுவரைப் பிரஷ்ஷால் அழுத்தித் தேய்க்க வேண்டும். டெங்கு கொசு முட்டையிடுவது தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, சுவரில் ஒட்டினாற்போல. அந்த முட்டை காய்ந்துபோய்ப் பல மாதம் கிடந்தாலும் சாகாது, தண்ணீர் பட்டதும் பொரிக்கும். பழைய தண்ணீரை மட்டும் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் பிடிக்கிற வீட்டில் கொசு ஒழியாததற்கு இதுதான் காரணம். முட்டையிலிருந்து கொசுவாக ஏழு முதல் பத்து நாள் ஆகும். ஆகவே வாரம் ஒருமுறை தேய்ப்பதை விடக் கூடாது. மூடியில் இடைவெளி இருந்தால் வேட்டித்துணி போட்டுக் கட்டுங்கள்.

உப்புத்தண்ணியால் குழாய், சிங்க், எவர்சில்வர் எல்லாம் வெள்ளை பூத்துப் போச்சு.

போர் தண்ணீரிலுள்ள சுண்ணாம்பு அது. சோப்புக்கு அசையாது, புளிப்புக்குத்தான் கரையும். எலுமிச்சைச் சாறு அல்லது வினிகரில் துணியை நனைத்துக் குழாயைச் சுற்றி அரை மணி நேரம் விட்டுத் தேய்த்தால் வந்துவிடும். பாத்திரத்தைக் கழுவியதும் துடைத்து வைத்தால் பூக்காது.

அலமாரியை எப்படிக் காலி செய்யறது?

ஒரு நாளைக்கு ஒரு தட்டு. அதற்கு மேல் வேண்டாம்.

தரையில் பழைய போர்வையை விரித்து, அந்தத் தட்டில் இருப்பதை முழுக்க இறக்குங்கள். பழைய செய்தித்தாள் விரிப்பை எடுத்துப் போட்டுவிடுங்கள். தாளுக்கு அடியில்தான் கரப்பான் முட்டையிடும். திரும்ப விரிக்காமல் இருப்பதே நல்லது. சோப்புத் தண்ணீரில் துடைத்து, ஈரம் காய விடுங்கள். அந்த நேரத்தில் இறக்கியதைப் பிரியுங்கள். கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இதை எத்தனை நாளைக்கு ஒருமுறை எடுக்கிறோம்?

தினமும் எடுப்பது இடுப்புக்கும் தோளுக்கும் நடுவில், அடுப்பிலிருந்து நகராமல் கை போகும் இடத்தில் இருக்க வேண்டும். வாரத்துக்கு ஒருமுறை எடுப்பது இடுப்புக்குக் கீழே. நோம்பிக்கும் விருந்துக்கும் மட்டும் எடுப்பது அட்டாலியில். வருடம் முழுக்க எடுக்காதது சமையக்கட்டிலேயே வேண்டாம். எந்த வீட்டுச் சமையக்கட்டைப் பார்த்தாலும் கோளாறு சாமான் அதிகம் என்பதல்ல. பொங்கலுக்கு எடுக்கும் பெரிய குண்டா கைக்கெட்டும் இடத்தில் இருக்கும், தினமும் எடுக்கும் கடுகு டப்பா அதற்குப் பின்னால் இருக்கும். ஒவ்வொரு முறையும் இரண்டு சாமானை நகர்த்தி மூன்றாவதை எடுக்கிற வீட்டில், எடுத்தது திரும்ப அதே இடத்துக்குப் போகாது. மேடையிலேயே தங்கும். மேடை நிறைவது அப்படித்தான்.

இன்னொன்று: ஒழுங்கு செய்யத் தொடங்கும் முன் புது டப்பா வாங்காதீர்கள். எது மிஞ்சும், எவ்வளவு மிஞ்சும் என்று தெரியாமல் வாங்கிய டப்பாவும் ஒரு சாமானாகத்தான் சேரும்.

டப்பா இருக்குது, மூடி இல்லை. மூடி இருக்குது, டப்பா இல்லை.

எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கொட்டி ஜோடி சேருங்கள். மூடி சேராத பிளாஸ்டிக் வெளியே போகட்டும். மூடி இல்லாத எவர்சில்வர் டப்பா கரண்டி, கத்தி போட்டு வைக்க உதவும். மருந்து, பெயின்ட், பூச்சிமருந்து வந்த டப்பாவில் தின்பண்டம் எக்காலத்திலும் வேண்டாம்.

ராகி, கம்பு, கொள்ளு, பருப்பு எல்லாம் மூட்டை மூட்டையாச் சேர்ந்து கிடக்குது. எதை வைக்கலாம், எதைத் தள்ளணும்?

ஒவ்வொரு தானியத்துக்கும் ஒவ்வொரு குணம்.

ராகியைப் பற்றிக் கவலை வேண்டாம். முழுத் தானியமாக, காய்ந்து இருந்தால் வருடக்கணக்கில் நிற்கும், பூச்சி அவ்வளவாகத் தொடாது. கம்பு அப்படியல்ல. முழுக் கம்பு நிற்கும், ஆனால் இடித்தாலோ அரைத்தாலோ அதிலுள்ள எண்ணெய் சீக்கிரம் காறிவிடும். வாரம் பத்து நாளிலேயே மாவு கசக்கத் தொடங்கும். கம்பு மாவை நாலு நாளைக்கு மேல் அரைத்து வைக்காதீர்கள். அலமாரியில் பழைய கம்பு மாவு இருந்தால் மோந்துகூடப் பார்க்க வேண்டாம், தள்ளிவிடுங்கள்.

கொள்ளு, தட்டப்பயறு, பச்சைப்பயறு போன்ற முழுப்பயறுகளில் வண்டு விழும். பயறின் மேலே வெள்ளைப் புள்ளி ஒட்டியிருந்தால் முட்டை, உருண்டையான ஓட்டை இருந்தால் வண்டு வெளியேறிவிட்டது என்று பொருள். ஓட்டை விழாத பயறை வெயிலில் காய வைத்து, ஆறிய பிறகு கிலோவுக்கு ஒரு டீஸ்பூன் விளக்கெண்ணெய் விட்டுப் பிசறி வைத்தால் வண்டு முட்டையிடாது. சமைக்கும் முன் வெந்நீரில் அலசினால் எண்ணெய் போய்விடும்.

மல்லி, மிளகாய், மஞ்சளை மில்லில் அரைத்து வாங்கி வந்தால் தூள் சூடாக இருக்கும். அந்தச் சூட்டிலேயே டப்பாவில் அடைத்து மூடினால் உள்ளே வேர்த்துக் கட்டி பிடிக்கும், பூசணம் வரும். தாம்பாளத்தில் பரப்பி முழுக்க ஆற விட்டு அடையுங்கள். மூன்று மாதத்துக்கு வேண்டியதை அரைத்தால் போதும். வருடத்துக்கே அரைத்து வைக்கிற வழக்கம் மாமியாரும் கொழுந்தனாரும் சேர்ந்திருந்த பெரிய குடும்பத்துக்குச் சரி, மூன்று பேர் வீட்டுக்கு ஒத்துவராது.

நாட்டுச்சர்க்கரை காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். இறுக்கமான மூடி வேண்டும். கட்டி பிடித்திருந்தால் பரவாயில்லை, புளித்த வாடை வந்தால் வைக்க வேண்டாம். கடலை எண்ணெய்ப் பாத்திரத்தில் பழைய எண்ணெய் மிச்சமிருக்கும்போதே புதியதை ஊற்றாதீர்கள். அடியிலுள்ள காறல் புது எண்ணெயையும் சீக்கிரம் கெடுக்கும். நிலக்கடலையில் சுருங்கியது, பச்சைப் பூசணம் பிடித்தது எதையும் வறுத்துத் தின்னக் கூடாது. அந்தப் பூசண நஞ்சு வறுத்தாலும் முழுக்கப் போகாது, கல்லீரலைக் கெடுக்கக்கூடியது.

அரிசியில் வண்டு. வெயிலில் போடலாங்களா?

அரிசியைச் சுள்ளென்ற வெயிலில் நேரம் போக விட்டால் வெடித்து, சோறு ஆக்கும்போது நொறுங்கும். நிழலில் பரப்பிப் புடைத்து எடுங்கள். சிறிய அளவென்றால், இறுக்கக் கட்டிய பையில் ஃப்ரீஸரில் நாலு நாள் வைத்தால் முட்டையோடு செத்துவிடும். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காமல் அறைச் சூட்டுக்கு வர விடுங்கள். உடனே திறந்தால் ஈரம் கோத்துக்கொள்ளும். 25 கிலோ சிப்பத்தைத் தரையில் நேராக வைக்காமல் பலகை மேல், சுவரை ஒட்டாமல் வையுங்கள். புது அரிசியைப் பழைய அரிசியின் மேல் கொட்டாதீர்கள். பாத்திரத்தைக் காலி செய்து, துடைத்து, காய வைத்துக் கொட்டுங்கள்.

அட்டாலி நிறையச் சீர்ப் பாத்திரம். அத்தை எதையும் எடுக்க விடமாட்டேங்கறாங்க.

அவங்க சொல்வதில் நியாயம் இருக்கிறது. அந்த அண்டாவிலும் தூக்குப்போசியிலும் பெயர் வெட்டியிருக்கும். யார் வீட்டுச் சீர், எந்த விசேஷத்துக்கு வந்தது என்பது அவங்களுக்குத்தான் தெரியும். அவங்க இல்லாத நேரத்தில் இறக்கி எடைக்குப் போட்டால் அந்த மனக்கசப்பு எந்த வருடமும் ஆறாது. ஆகவே அவங்களையே பக்கத்தில் உட்கார வைத்து, ஒவ்வொன்றாக இறக்கிக் கொடுத்து, அவங்க கையாலேயே பிரிக்கச் சொல்லுங்கள். "இது வேணுங்களா?" என்று கேட்டால் எல்லாமே வேணும். "இதை யாருக்குக் கொடுக்கலாங்க அத்தை?" என்று கேட்டால் பேரன் பேத்திக்கு, நாத்தனாருக்கு என்று அவங்களே ஒதுக்குவாங்க. அம்மிச்சி கொடுத்தது, ஆத்தா வைத்திருந்தது என்று இரண்டு மூன்று பாத்திரம் கட்டாயம் தங்கும். தங்கட்டும். அவற்றை அட்டாலியில் கவிழ்த்து வைப்பதைவிடக் கீழே இறக்கித் தண்ணீர் பிடிக்கவோ அரிசி கொட்டவோ வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது.

பித்தளையில் சமைக்க நினைத்தால் உள்ளே ஈயப்பூச்சு (வெள்ளீயம்) இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். வெள்ளி நிறத்துக்கு நடுவே மஞ்சள் தெரிந்தால் பூச்சு தேய்ந்துவிட்டது. அதில் புளிக்குழம்பு, ரசம், மோர் ஆகாது. புளிப்பு செம்பைக் கரைத்துச் சாப்பாட்டில் இறக்கும், குமட்டலும் வாந்தியும் வரும். மறுபடி ஈயம் பூசிய பிறகு பயன்படுத்துங்கள்.

எடைக்குப் போட முடிவு செய்ததைப் பித்தளை, செம்பு, எவர்சில்வர், அலுமினியம் என்று தனித்தனியாகக் கட்டி, வீட்டிலேயே எடை பார்த்துக்கொண்டு போங்கள். கலந்து கொண்டுபோனால் விலை குறைந்ததன் கணக்கில் எல்லாம் போய்விடும். கடையில் புதுப் பாத்திரத்துக்கு மாற்றிக்கொள்ளச் சொல்வார்கள். காசாக வாங்குங்கள், இல்லாவிட்டால் அட்டாலி மறுபடி நிறையும்.

வெட்கிரைண்டர், மிக்ஸி, சந்தகை (இடியாப்பம்) அச்சு எல்லாம் ரொம்ப நாளாகச் சும்மா கிடக்குது. அப்படியே போடலாங்களா?

கிரைண்டரைக் கழுவிவிட்டு, ஊற வைத்த பச்சரிசி ஒரு கைப்பிடி போட்டுத் தண்ணீர் விட்டுப் பத்து நிமிடம் ஆட்டி, அந்த மாவைக் கொட்டிவிடுங்கள். வெறுங்கல்லைச் சுற்ற விடக் கூடாது. மோட்டார் சத்தம் வந்து டிரம் சுற்றாமல் வழுக்கினால் பெல்ட் தளர்ந்திருக்கும்.

மிக்ஸி ஜாரின் பிளேடைச் சுவிட்ச் போடும் முன் கரண்டிக் காம்பால் சுற்றிப் பாருங்கள். அசையவில்லையென்றால் அடியில் துருவோ காய்ந்த சட்னியோ பிடித்திருக்கும். வெந்நீரில் நிற்க விட்டு, ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய் விட்டு இளக்குங்கள். இறுகிய பிளேடோடு சுவிட்சைப் போட்டால் அடியிலிருக்கும் கப்ளர் உடையும்.

சந்தகை அச்சின் ஓட்டையில் காய்ந்த மாவு கல்லாக இருக்கும். வெந்நீரில் ஊறப் போட்டு ஊசியால் குத்தி எடுங்கள். காய்ந்ததும் எண்ணெய் தடவித் துணியில் சுற்றி வையுங்கள். மாதம் ஒருமுறையாவது சந்தகை பிழிகிற வீடென்றால் அதை அட்டாலிக்கு அனுப்பாதீர்கள்.

ரெண்டு பேரும் வேலைக்குப் போறோம், சில நாள் ராத்திரி எட்டு மணிதான் ஆகுது. வாரத்தை எப்படி ஓட்டறது?

திருப்பூர்ப் பக்கம் சனிக்கிழமை சம்பளம், ஞாயிற்றுக்கிழமை லீவு. வாரம் அதைச் சுற்றித்தான் அமையும். ஞாயிறு காலையில் காய் வாங்கி வந்து அரிசி, உளுந்து ஊறப் போடுங்கள். நாலு டம்ளர் இட்லி அரிசிக்கு ஒரு டம்ளர் உளுந்து, ஒரு டீஸ்பூன் வெந்தயம். நாலைந்து மணி நேரம் ஊறட்டும். ஆட்டி முடித்ததும் மாவை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியைப் புளிக்க விடாமல் உடனே ஃபிரிட்ஜில் வையுங்கள். புதன்கிழமை இரவு வெளியே எடுத்து வைத்தால் வியாழன் காலைக்குப் பொங்கியிருக்கும். மொத்த மாவையும் ஞாயிறே புளிக்க விட்டால் புதன்கிழமைக்குள் தோசையே புளிக்கும்.

நேரம் கழித்து வரும் நாளுக்கு ஒரு குக்கரில் முடிகிற சமையலை முன்பே குறித்து வையுங்கள். அரிசும்பருப்பு சாதத்துக்கு அரிசியும் துவரம்பருப்பும் மூன்றுக்கு ஒன்று என்று அளந்து டப்பாவில் போட்டு வைத்திருந்தால், வந்ததும் சின்ன வெங்காயம், பூண்டு தாளித்து அரை மணி நேரத்தில் முடிந்துவிடும்.

ஆபரேஷன் ஆகி, இல்லைன்னா பிரசவம் ஆகி வீட்டுக்கு வந்திருக்கிறவங்க எப்போது தொடங்கலாம்?

டாக்டர் சொன்ன நாளுக்கு முன் கனம் தூக்கக் கூடாது. வயிற்றைக் கிழித்துப் பிள்ளை எடுத்தவர்களுக்குக் குறைந்தது ஆறு வாரம் கட்டுப்பாடு இருக்கும். நிறைந்த குடம் 15 கிலோ, நிறைந்த காஸ் சிலிண்டர் 30 கிலோவுக்குப் பக்கம். வேறு யாராவதுதான் தூக்க வேண்டும். அதுவரை குனியாமல், எட்டி எடுக்காமல் சமைக்கும்படி தினச் சாமானை மேடையிலேயே வைத்துவிடலாம், பார்க்க அடைசலாக இருந்தாலும் சரி. காய் நறுக்குவது உட்கார்ந்து. உதவிக்கு வரும் அம்மாவோ நங்கையாவோ சாமானை இடம் மாற்றி வைத்தால் அப்போது விட்டுவிடுங்கள்.

கரப்பானும் எலியும்?

அட்டைப்பெட்டிகளை வெளியேற்றுங்கள், கரப்பான் மடிப்புக்குள் குடியிருக்கும். போரிக் பவுடரையும் சர்க்கரைப் பொடியையும் சமமாகக் கலந்து ஃபிரிட்ஜுக்குப் பின்னாலும் சிங்க்குக்கு அடியிலும் மெல்லியதாகத் தூவலாம். குழந்தை, நாய், பூனை கைக்கெட்டாத இடமாக இருக்க வேண்டும். எலி வருவது பெரும்பாலும் பொடக்காலிச் சுவரில் பைப் நுழையும் ஓட்டை வழியாக. அதில் கம்பிநாரைத் திணித்து, மேலே சிமென்ட் பூசுங்கள். துணியை அடைத்தால் கடித்துவிடும். சுத்தம் செய்யும்போது பிளீச்சிங் பவுடரோடு வினிகரோ பாத்ரூம் ஆசிட்டோ சேர்க்காதீர்கள். குளோரின் வாயு கிளம்பும், மூடிய அறையில் ஆளைச் சாய்த்துவிடும்.

அட்டாலியை இறக்கிச் சுத்தம் செய்ய எந்த மாசம் நல்லதுங்க?

ஆடி வேண்டாம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து காற்று அடித்துக்கொண்டே இருக்கும், துடைத்த மறுநாள் தூசி படியும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பாத்திரமும் துணியும் காயாது. மார்கழிக் கடைசியில், பொங்கலுக்குச் சுண்ணாம்பு அடிக்கும் முன் இறக்கினால் வெயிலும் இருக்கும், பெரிய பாத்திரங்களும் எப்படியும் பொங்கலுக்குத் தேவைப்படும். அந்த மாதத்தைத் தவற விட்டவர்கள் மாசி, பங்குனியில் செய்யலாம். சித்திரை வெயில் ஏறிவிட்டால் மத்தியானத்தில் அட்டாலி அடுப்பு மாதிரி கொதிக்கும், காலை ஒன்பது மணிக்குள் இறங்கிவிடுங்கள்.